ரிஜெக்ட் அக்கா

எனக்கு வந்த மூன்றாவது வரனைத் தள்ளுபடி செய்தவள் அக்காதான்.

மதியச் சாப்பாட்டு நேரம். மாம்பழக் கோடவுனின் பின்பக்கம், காலிப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்த நிழலில் உட்கார்ந்திருந்தோம். அம்மா காலையில் மொபைலில் அனுப்பியிருந்த மாப்பிள்ளை போட்டோவை அக்காவிடம் நீட்டினேன். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள். இரண்டு விரலால் பெரிதாக்கி, கழுத்துக்குக் கீழே ரொம்ப நேரம் பார்த்தாள்.

"தோள் ஏறலியே மாமி," என்றாள்.

"என்னக்கா?"

"காயி முத்துனா தோள் ரெண்டும் காம்புக்கு மேல ஏறி நிக்கும். இவருக்குப் பாரு, சரிஞ்சு கெடக்கு. இப்பப் பறிச்சா வெம்பித்தான் போவாரு. ஒரு வருசம் மரத்துலயே கெடக்கட்டும்."

அந்த வரன் போயிற்று. அப்புறம் அவர் முத்தினாரா என்று விசாரிக்கவில்லை.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. கல்யாணமும் ஆகவில்லை, மாமியாகும் வயதும் இல்லை. ஆனால் மும்பையில் மாட்டுங்காவிலிருந்து வருகிறவள், பாலக்காட்டுக் குடும்பம், டப்பாவில் தயிர்சாதம். அக்காவுக்கு அது போதும். வேலையில் சேர்ந்த முதல் நாளே என்னை மாமி ஆக்கிவிட்டாள். அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எழுத்துப்பிழை இருக்கிறது என்பாள்.

கோடவுன் மான்கூர்ட்டில் இருந்தது. நான் மாட்டுங்காவில் ஏறி, குர்லாவில் வண்டி மாறி வருவேன். அக்கா சீத்தா கேம்ப்பிலிருந்து பஸ்ஸில் வருவாள். கொங்கண் பக்கத்திலிருந்து லாரியில் வரும் ஹாப்பூஸ் மாம்பழங்களைப் பிரித்து, தரம் பார்த்து, நல்லதை வெளிநாட்டுக்கு அனுப்புவது கம்பெனியின் தொழில். நீளமான மேஜை. இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு பெண்கள். தலைமாட்டில் அக்கா. பழம் மூன்று வகைதான். ஃபர்ஸ்ட் என்றால் கப்பலுக்கோ விமானத்துக்கோ போகும். செகண்ட் என்றால் உள்ளூர் மார்க்கெட். மூன்றாவதுக்குப் பெயர் ஜூஸ். கூழ் ஆலைக்குப் போகும். ஃபர்ஸ்டுக்கு விவசாயிக்குக் கிடைப்பதில் கால் பங்குகூட ஜூஸுக்குக் கிடைக்காது. ஆகவே ரத்னகிரி மலைகளில் எங்கேயோ ஒரு குடும்பம் அந்த வருஷம் கூரை மாற்றுமா மாற்றாதா என்பது மான்கூர்ட்டில் அக்காவின் கட்டைவிரலில் இருந்தது. அந்தக் கட்டைவிரலுக்கு இரக்கம் கிடையாது. லாரி டிரைவர்கள் அவளை 'ரிஜெக்ட் அக்கா' என்றுதான் சொல்வார்கள். இந்திக்காரர்கள்கூட அந்த 'அக்கா'வைத் தமிழிலேயே சொன்னார்கள்.

கட்டைவிரல் மாம்பழத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. என் இட்லியை அமுக்கிப் பார்த்து "செகண்டு" என்பாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாதிரியார் பேசியதைக் கேட்டுவிட்டுத் திங்கட்கிழமை வந்து, "நேத்து ஐயரு பிரசங்கம் ஆரம்பம் ஃபர்ஸ்டு, நடுவுல வெம்பிட்டு" என்பாள். அவள் புருஷன் குர்லாவில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தார், சாது. "அவுகள நான் செகண்டுலதான் எடுத்தேன். வைக்கோல்ல வச்சுப் பழுக்க வச்சேன். இப்பப் பரவாயில்ல" என்று அவர் பக்கத்தில் இருக்கும்போதே சொல்வாள். அவர் சிரித்துக்கொண்டே டீயை ஆற்றுவார். பரவாயில்லை என்பதுதான் அக்கா யாருக்கும் கொடுத்த உச்சபட்ச மார்க். மகள் பத்தாம் வகுப்பில் எண்பத்தெட்டு சதவீதம் வாங்கியபோது, "பாக்கிப் பன்னெண்டு எங்க போச்சு?" என்று கேட்டாளாம்.

ஒரு பெட்டியைத் தள்ளினால் அக்கா ஒரு சீட்டு எழுதுவாள். முனிசிபாலிட்டித் தமிழ்ப் பள்ளியில் ஏழாவது வரை படித்தவள். கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும். சீட்டில் ஒரே ஒரு சொல். அடி. வெம்பல். சூடு. கறை. அதை நான் மராத்தியில் மாற்றி, எந்த விவசாயியின் பெட்டி என்று பார்த்து, அவர்களுக்கு மொபைலில் அனுப்புவேன். 'கறை' என்று வந்தால் நான் 'டாக்' என்று அடிப்பேன். மராத்தியில் கறைக்கு அதுதான். அதற்குமேல் நானும் யோசித்ததில்லை, அவளும் யோசித்ததில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பதினோரு பெண்களின் பெட்டிகள் வந்தன.

ரத்னகிரிப் பக்கம் ஒரு மலைக்கிராமம். சர்க்கார் திட்டத்தில் கிடைத்த கன்றுகளைப் பாறைச் சரிவில் குழி வெட்டி நட்டு, முதல் மூன்று கோடையும் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்திருந்தார்கள். ஆளுக்குப் பத்துப் பதினைந்து மரம். மரம் காய்க்க ஆரம்பித்ததிலிருந்து ஒரு வியாபாரி வருவார். பூவைப் பார்த்தே மொத்தமாக ஒரு விலை பேசி, முன்பணம் கொடுத்துவிடுவார். அப்புறம் காய் எவ்வளவு வந்தாலும் அவருடையது. அந்த வருஷம்தான் பதினோரு பேரும் சேர்ந்து, அவருக்குக் கொடுப்பதில்லை, நேராக மும்பைக்கு அனுப்புவது என்று துணிந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் சுமன். என்னோடு போனில் பேசுகிறவளும் அவள்தான்.

முதல் லோடில் பாதி தேறவில்லை. கறை. இரண்டாவதில் முக்கால்வாசி. மூன்றாவது லோடில் இருபது பெட்டியில் இரண்டுதான் நின்றது. தோளிலிருந்து கீழே வழிந்த மாதிரி கருப்புக் கோடுகள். போதாததற்கு தோல் முழுக்கச் சிராய்ப்பு.

அன்றைக்கு சுமன் போன் செய்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "மேடம், வியாபாரி வந்துட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை திரும்ப வருவார். மரத்தில் இருக்கும் மிச்சக் காயையும், அடுத்த வருஷத்துப் பூவையும் சேர்த்துக் கேட்கிறார். என்ன சொல்லட்டும்?" என்று மட்டும் கேட்டாள்.

நான் அக்காவிடம் போய் நின்றேன்.

"அக்கா, இந்த ஒரு தடவை கொஞ்சம் விட்டுக் கொடுங்கோளேன். பாவம், பொம்மனாட்டிகளாச் சேர்ந்து பண்றா."

அக்கா கையிலிருந்த பழத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் பாவம் பாத்து விடுதேன். அங்க கடலுக்கு அந்தப் பக்கம் எறக்குதவன் பாவம் பாப்பானா? ஒரு பெட்டியில கறையக் கண்டா மொத்தத்தையும் தூக்கிப் போடுவான். மத்த ஊர்க்காரன் பழமும் சேந்து போவும். அந்தப் பாவத்த யாரு பாக்க?"

லோடு குறைகிறதே என்று மேனேஜரும் வந்து பார்த்தார். நல்ல மனிதர், ஆனால் எப்போதும் வியர்த்துக்கொண்டே இருப்பார். "தோடா லூஸ் ஹாத் ரக்கோ அக்கா," என்று கையைக் கொஞ்சம் தளர்த்தச் சொன்னார். அக்கா இரண்டு கையுறைகளையும் கழற்றி அவர் கையில் வைத்தாள். "நீங்களே பாருங்க சார். நான் செத்த நேரம் உக்காருதேன்." அவர் கையுறைகளை மேஜையில் மெதுவாக வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் கிளம்பும்போது அந்தக் கறைப் பழங்களில் நாலைந்தை அக்கா தன் பையில் போடுவதைப் பார்த்தேன். ஜூஸுக்குப் போகிற பழத்தை அவள் ஒருநாளும் வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை.

மறுநாள் காலை மேஜைக்குப் போகாமல் நேரே என் இடத்துக்கு வந்தாள். "போவ மாட்டேங்கு மாமி," என்றாள். "தண்ணியில கழுவுனேன். சோப்பு போட்டேன். மண்ணெண்ணெய்கூடத் தொட்டுப் பாத்தேன். இது அழுக்கு இல்ல. தோலு வெந்துருக்கு."

"எதனால வெந்துது?"

"தெரியல."

அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டேன். அவளுக்கே அது பிடிக்கவில்லை போல, முகத்தைச் சுளித்தாள். "பன்னெண்டு வருசமாக் கறை கறைன்னு எழுதுதேன். எங்கேந்து வருதுன்னு கேக்கல. நம்ம தொழிலு தள்ளுறது, தள்ளிட்டோம்." பிறகு, "உனக்கு மராத்தி நல்லா வரும்லா? சனிக்கிழமை லீவு போடு," என்றாள்.

பன்வேலில் காலை ரயில் ஏறினோம். அந்தப் பிரயாணத்தில் அக்கா தேர்ச்சி கொடுத்தது எதுவுமில்லை. சீட்டு கடினம். வடையில் உப்பு இல்லை. மலைக்குகைகள் தேவைக்கு மேல் நீளம். "இம்புட்டு இருட்டையும் வச்சு என்ன பண்ணப் போறானுவ?" ஸ்டேஷனில் இறங்கி, ஷேர் ஜீப்பில் தொங்கி, கடைசியில் செம்பாறை மேட்டில் ஏறி நடந்தபோது மலையையும் ரிஜெக்ட் செய்தாள். நின்று மூச்சு வாங்கினாள். தலைக்கு மேலே காய்த்துத் தொங்கும் மாமரம்.

நிமிர்ந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

எனக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. சீத்தா கேம்ப்பில் பிறந்தவள். அப்பா அம்மாவின் ஊர் சாத்தான்குளம் பக்கம். போவது கிறிஸ்மஸுக்கு மட்டும். டிசம்பரில் மாமரத்தில் காய் ஏது? செம்பூரில் ரோட்டோரத்து மரங்களில் காய் வந்தாலும் கல்லெறிக்குத் தப்பியவை உச்சியில்தான் இருக்கும். லட்சக்கணக்கான மாம்பழங்களைத் தொட்டுத் தள்ளியவள் கைக்கெட்டும் தூரத்தில் காய்த்த மரத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இதை அவள் என்னிடம் ஒப்புக்கொள்ளவில்லை. "காம்பு ஏன் இம்புட்டு நீளம்?" என்று குற்றம் சொல்கிற குரலில் கேட்டாள். பெட்டியில் வருகிற பழத்துக்குக் காம்பு இருப்பதில்லை.

சுமனின் வீட்டு முற்றத்தில் ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மூன்று அலுமினியப் பாத்திரங்களில் தண்ணீர். ஒருத்தி மாங்காயைத் தண்ணீரில் முக்கி எடுத்தாள். அடுத்தவள் சோப்பு நுரையில் தேய்த்தாள். மூன்றாமவள் தேங்காய் நாரால் வழித்தாள். குழந்தைக்குக் குளிப்பாட்டுகிற மாதிரி பார்த்துப் பார்த்துச் செய்தார்கள்.

"இது என்ன?" என்று நான் மராத்தியில் கேட்டேன்.

சுமன் எழுந்து வந்தாள். ஒல்லியான, உயரமான பெண். "நீங்கள்தானே டாக் என்று எழுதியிருந்தீர்கள்? முதல் லோடுக்குப் பிறகு துணியால் துடைத்தோம். திரும்பவும் டாக் என்று வந்தது. சோப்பு போட்டு நாரால் தேய்த்தோம். திரும்பவும் டாக். இப்போது இன்னும் அழுத்தித் தேய்க்கிறோம். இரண்டு நாளாகக் கை எரிகிறது," என்றாள்.

அக்காவுக்கு மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. அவள் அந்த நாரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். ஒரு சொல்லை அவள் எழுதினாள், நான் மாற்றினேன். அதை நம்பி இவர்கள் தோலை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா முற்றத்திலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். "மரத்துலேந்து காட்டச் சொல்லு," என்றாள் என்னிடம். "பறிக்கிறதுலேந்து. ஒண்ணு விடாம."

வெயில் இறங்கியதும் பறித்துக் காட்டினார்கள். நீளக் கம்பின் நுனியில் ஒரு வலைப்பை. அதற்கு அங்கே ஜேலா என்று பேர். காயை வலைக்குள் விட்டு வெடுக்கென்று இழுத்தாள் சுமன். காம்பு அடியோடு பிடுங்கிக்கொண்டது. பிடுங்கிய இடத்திலிருந்து பால் பீச்சியடித்து, தோளில் வழிந்து, கூடையில் கிடந்த மற்றக் காய்களின் மேலும் தெறித்தது. கூடை நிறைந்ததும், பகலெல்லாம் வெந்து கிடந்த செம்பாறையில் கொட்டினார்கள்.

"அது என்ன தண்ணி?" என்றாள் அக்கா.

"சீக். மாங்காய்ப் பால். பட்டால் சுடும்," என்று சுமன் தன் முன்கையை நீட்டினாள்.

அக்கா அந்தக் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, வழிந்து காய்ந்த மாதிரி கருப்புக் கோடுகள். பழத்தைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள். ஆனால் தொடும்போது கட்டைவிரலை அமுக்கவில்லை. "அதே கறை," என்றாள் மெதுவாக. அப்புறம் தன் பம்பாய் இந்தியில் நேராகச் சுமனிடமே கேட்டாள்: "காம்போடு வெட்டினால் இது வருமா?"

"வராது. ஒரு விரல் நீளம் காம்பு விட்டால் ஒரு சொட்டுகூட வராது. அது இங்கே எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சுமா பிடுங்குதாவ?" என்று அக்கா தமிழில் என்னிடம் அலறினாள்.

நான் கேட்டேன். சுமனுக்குக் கொஞ்சம் கோபம் வந்துவிட்டது. வியாபாரி ஒருநாளும் காம்பைப் பற்றிக் கேட்டதில்லை, மூட்டையாக அள்ளிக்கொண்டு போவார். மும்பைக்காரர்கள் பெட்டியில் அழகாக இருக்க வேண்டும் என்பார்கள், காம்பு குத்தினால் அதற்கும் ஒரு சீட்டு எழுதுவார்கள் என்று இவர்களாக நினைத்துக்கொண்டார்கள். "பால் என்று எழுதியிருந்தால் அன்றைக்கே புரிந்திருக்கும். நீங்கள் கறை என்றீர்கள்," என்றாள்.

அக்காவை யாரும் இப்படி நேருக்கு நேர் தள்ளி நான் பார்த்ததில்லை. வாங்கிக்கொண்டாள். "ஹான், மேரா கல்தி," என்று தன் தப்பை ஒப்புக்கொண்டாள்.

அதற்கப்புறம் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே வேலை செய்தார்கள். சுமன் வலையின் வாயில் ஒரு பிளேடைக் கட்டினாள். காம்போடு வெட்டிய காயைப் பாறையில் கொட்டக்கூடாது, நிழலில் வைக்க வேண்டும் என்றாள் அக்கா. பெட்டியில் வைக்கும்போது காம்பு குத்துமே என்றாள் இன்னொருத்தி. அப்படியானால் கடைசியில் காம்பை நறுக்கிவிட்டுக் காயைத் தலைகீழாக நிறுத்து, பால் தோலில் படாமல் கீழே சொட்டட்டும் என்றாள் சுமன். எதில் நிறுத்துவது? அக்கா சுற்றிலும் பார்த்து, சுமனின் மாமனார் படுத்திருந்த கயிற்றுக் கட்டிலைக் காட்டினாள். பெரியவரை எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கயிற்றின் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு மாங்காய் தலைகீழாக நின்றது. அதிலிருந்து பால் சொட்டுச் சொட்டாக மண்ணில் விழுவதை, அதற்குள் வந்து சேர்ந்திருந்த பதினோரு பெண்களும், பெரியவரும், அக்காவும், நானும் வேடிக்கை பார்த்தோம்.

பிறகு அக்காவுக்கு ஆசை வந்துவிட்டது. கம்பை வாங்கி ஒரு காயைப் பறிக்கப் போனாள். மூன்று தடவை வலை நழுவிற்று. நாலாவது தடவை காய் வலைக்கு வெளியே வந்து, பாறையில் விழுந்து பிளந்தது. சுமன் குனிந்து அதை எடுத்தாள். இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள்.

"ஜூஸ்," என்றாள்.

பெண்கள் சிரித்த சிரிப்பில் பெரியவருக்கு இருமல் வந்துவிட்டது. அக்காவும் சிரித்தாள். அவள் பல் வரிசை அத்தனை அழகு என்று அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் பகலில் வியாபாரி வந்தார். வெள்ளைச் சட்டை, மோட்டார் சைக்கிள். முற்றத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, இனிமையாகப் பேசினார். "மும்பைக்காரர்கள் பத்துப் பெட்டியில் எட்டைத் தள்ளுவார்கள். நான் அப்படியா? நல்லது கெட்டது பார்க்க மாட்டேன். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வேன்."

அக்காவுக்கு அதைக் கேட்டுத் தாங்கவில்லை. தொழில் முறையில் அவமானப்பட்டவள் மாதிரி எழுந்து நின்றாள். "நல்லது கெட்டது பாக்காதவன் எந்த வெல குடுப்பான்? நல்லதுக்கும் சேத்துக் கெட்டதோட வெலையத்தான் குடுப்பான். கேட்டுச் சொல்லு மாமி."

நான் சொன்னேன். வியாபாரி என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "இவர் யார்?" என்றார் சுமனிடம்.

"எங்கள் பழத்தைத் தள்ளுகிற தாயி," என்றாள் சுமன். மராத்தியில் தாயி என்றால் அக்கா. "செவ்வாய்க்கிழமை வாருங்கள், பதில் சொல்கிறேன்."

திரும்பும் ரயிலில் அக்காவுக்கு அந்த ஒன்றுதான் குறை. "என்னையத் தாயிங்காவ. நான் எவளுக்குத் தாயி? அவளுக்கும் எனக்கும் ஒரு வயசுதான் இருக்கும்."

செவ்வாய்க்கிழமை லோடு வந்தது. மேனேஜர் உட்பட எல்லோரும் மேஜையைச் சுற்றி நின்றோம். அக்கா யாரையும் பார்க்கவில்லை. வழக்கத்தைவிடக் கடுமையாகப் பார்த்தாள் என்றே நினைக்கிறேன். சில பழங்களை இரண்டு தடவை திருப்பினாள். இருபது பெட்டி. பதிமூன்று ஃபர்ஸ்ட், ஐந்து செகண்ட், இரண்டு ஜூஸ். அந்த இரண்டுக்கும் சீட்டு எழுத உட்கார்ந்தவள் கால் மணி நேரம் எழுதினாள். முன்பக்கம் போதாமல் பின்பக்கமும் எழுதினாள். 'லாரியில் அடியில் வைத்த பெட்டி. மேல் பாரம் இறங்கி நசுங்கியிருக்கிறது. வைக்கோல் இன்னும் இரண்டு கை கூடப் போடவும். அடிப்பெட்டியில் சின்னக் காயாக வைக்கவும்' என்று போயிற்று. நான் உடனே சுமனுக்குப் போன் செய்தேன். அவள் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது. வியாபாரி வெறுங்கையோடு திரும்பிப் போகிறார் என்றாள்.

"அக்கா, மத்தப் பழமெல்லாம் நன்னா இருந்துதுன்னு ஒரு வரி சேர்த்துக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? துட்டு வந்தாத் தெரியாதா?"

அன்றிலிருந்து சீட்டில் ஒற்றைச் சொல் நின்றுபோயிற்று. என் வேலை இரட்டிப்பானது. மதியச் சாப்பாட்டு நேரம் முகம் தெரியாத விவசாயிகளுக்குப் போய்விட்டது. அக்கா மொபைலை டப்பா மூடியின்மேல் சாய்த்து, ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, சாப்பிட்டுக்கொண்டே திட்டுவாள். சிபாரிசு கேட்டுப் போன் செய்தவர்கள் போய், திட்டு கேட்கவே போன் செய்கிறவர்கள் வந்தார்கள். பழம் தேறத் தேற, கூழ் ஆலைக்குப் போவது குறைந்தது. மேனேஜருக்கு இதில் முழுச் சந்தோஷம் இல்லை. "நாம் பழம் வாங்கத்தான் உட்கார்ந்திருக்கிறோம், பள்ளிக்கூடம் நடத்த இல்லை," என்று என்னிடம் சொன்னார். அக்காவிடம் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை.

மூன்று சீசன் கழித்து அந்தப் பெண்கள் ஊரிலேயே தகரக் கொட்டகை போட்டார்கள். சுற்றுப்பட்டு நாலு ஊர்க் காயையும் அங்கேயே தரம் பிரித்து அனுப்புவதாகத் திட்டம். பார்க்க ஆள் வேண்டும். சுமன் மான்கூர்ட்டுக்கே வந்து கேட்டாள்.

"என்னால முடியாது," என்றாள் அக்கா. "அங்க பஸ்ஸு சத்தம் இல்லாம எனக்குத் தூக்கம் வராது. சர்ச்சு எங்க இருக்கு? மீனுக்கு எங்க போவ? மலை ஏறுனா முட்டி வலிக்கி." ஒவ்வொன்றாக நிராகரித்துக்கொண்டே போனாள். சுமன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். மீன் ஜீப்பில் வரும். சர்ச்சு டவுனில் இருக்கிறது. முட்டிக்கு எண்ணெய் இருக்கிறது. பஸ் சத்தத்துக்கு மட்டும் அவளிடம் பதில் இல்லை.

அக்காவின் புருஷன்தான் முடித்து வைத்தார். "ஒரு சீசன் போயிட்டு வா. நானும் வீட்டுல செத்த நேரம் கொறையில்லாம இருந்து பாக்கேன்," என்றார். அவர் அத்தனை பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ஒரு சீசனுக்கு என்று போனவள் ஒவ்வொரு மார்ச்சிலும் போனாள். மழை தொடங்கியதும் திரும்பினாள். கோடவுனில் அவள் இடத்துக்கு ஒரு பட்டதாரி சூப்பர்வைசர் வந்தார். மரியாதையான பிள்ளை, கண்ணாடி போட்டவர், நன்றாகவே பார்ப்பார். அவர் வந்த இரண்டாவது ஏப்ரலில் அக்காவின் கொட்டகையிலிருந்து வந்த லோடில் ஒரு பெட்டியை நிறுத்திவிட்டார். இரண்டு பழங்களின் தோளில் மங்கலாக ஒரு நிறம், சந்தேகம் என்றார்.

அக்காவுக்குப் போன் செய்தேன்.

"எவன் சொன்னான்?" என்றாள்.

"புது சூப்பர்வைசர்க்கா. போட்டோ அனுப்பட்டுமா?"

"போட்டோவுல என்னத்தத் தெரியும்? தொட்டுப் பாக்கணும். அந்தப் பெட்டிய யாரும் அசைக்கப்படாது. நான் வாரேன்."

"ரெண்டு பழத்துக்காக அத்தனை தூரம்..."

போன் கட்டாகிவிட்டது.

மறுநாள் மதியம் வந்து நின்றாள். கருத்திருந்தாள். ஒரு சுற்று இளைத்திருந்தாள். என்னை விசாரிக்கவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. சூப்பர்வைசருக்கு முன்னால் இரண்டு பழத்தையும் கையில் எடுத்துக்கொண்டு வக்கீல் மாதிரி வாதாட ஆரம்பித்தாள். வாழ்நாளெல்லாம் தள்ளியே பழகியவள், ஒரு பழத்துக்காகப் பரிந்து பேசுவதை மேஜையைச் சுற்றி நின்ற ஆறு பெண்களும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அந்தத் தோளைப் பாரு, அந்த வாசனையைப் பாரு, தடவிப் பாரு. மரத்தோட பேரச் சொல்லட்டுமா? எத்தன மணிக்கிப் பறிச்சோம்னு சொல்லட்டுமா? அந்தப் பிள்ளை பணிவாக, ஆனால் அசையாமல், "சந்தேகம் வந்தால் நிறுத்தத்தானே வேண்டும் ஆண்ட்டி?" என்றார்.

"கத்திய எடு," என்றாள் என்னிடம்.

முதல் பழத்தை அறுத்தாள். உள்ளே கொட்டைவரை ஒரே குங்குமப்பூ நிறம். அந்தக் கோடவுன் பூராவும் மணத்தது. "பாத்தியா?" என்று சூப்பர்வைசரின் மூக்குக்கு நேரே காட்டினாள். அவர் தலையாட்டி, "மன்னிச்சிருங்க," என்றார்.

இரண்டாவதை அறுத்தாள். கொட்டையை ஒட்டி ஒரு பக்கம் வெள்ளையாக, பஞ்சு மாதிரி இருந்தது. சூடு ஏறிய பழம். வெளியே பார்த்தால் லேசில் தெரியாது.

அக்கா அதை வெளிச்சத்துக்கு நேரே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லவில்லை; அவர் நல்ல பிள்ளை என்று நான் நினைப்பது அதனால்தான்.

"மொதப் பழம் ஒங்க தப்பு," என்றாள் அவரிடம். "இது எங்க தப்பு."

சீட்டும் பேனாவும் கேட்டு வாங்கி, தன் கொட்டகையின் பெயரைத் தானே எழுதி, அந்தப் பெட்டியைத் தானே நிராகரித்தாள். நல்ல பழத்தைத் துண்டு போட்டு மேஜைப் பெண்களுக்கும் சூப்பர்வைசருக்கும் கொடுத்தாள். எனக்குக் கொட்டை கிடைத்தது. டீ வருகிறது என்றேன். சாயங்கால ரயில் போய்விடும், விடிஞ்சாப் பறிப்பு இருக்கு என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நான் கொட்டையைச் சப்பிக்கொண்டே வாசல்வரை போனேன். அவள் அதற்குள் லாரிகளுக்கு நடுவே ரோட்டைக் கடந்துகொண்டிருந்தாள். ஒரு கையால் வண்டிகளை நிறுத்திக்கொண்டு, இன்னொரு கையில் மொபைலைக் காதில் அழுத்தி, ஹாரன் சத்தத்துக்கு மேலே கத்தினாள்:

"சுமன், மேல்பாறை மரத்துக்குக் கீழ எலை போட்டு மூடச் சொன்னேனே, மூடினியா இல்லியா? பாறை சூடு ஏறுது! பதர் கரம் ஹோதா ஹை! நான் வந்து பாப்பேன்!"